நெரிசலான சிக்னலில் பைக்குகளைக் கையாள்வது: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

நெரிசலான ஒரு சிக்னல் சந்திப்பைச் சரிசெய்யும் வேலை முதல்முறையாக உங்களிடம் வந்திருக்கலாம். நீங்கள் போக்குவரத்துப் பொறியாளரா, காவல்துறையில் இருப்பவரா, உள்ளாட்சியில் சாலைகளைக் கவனிப்பவரா என்பது இங்கே முக்கியமில்லை. உங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட கணக்குகள் எல்லாம் காரை வைத்து எழுதப்பட்டவை என்பதுதான் முக்கியம். கார் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். பைக் அப்படி நிற்பதில்லை. சல்லிக்கு நடுவே மணல் இறங்குவதுபோல, கார்களுக்கு இடையே கிடைக்கும் இடைவெளியில் எல்லாம் புகுந்து முன்னே வந்துவிடும். சிவப்பு முடியும் நேரத்தில் நிறுத்தக்கோட்டின் அருகே ஒரு பெரிய கூட்டம் சேர்ந்திருக்கும்.

இந்தக் கூட்டத்தை ஒழுங்கீனம் என்று பார்த்தால், தடுப்பு வைப்பதிலும் அபராதம் போடுவதிலும்தான் நம் யோசனை போகும். முன்னே வருவதால் பைக்காரருக்கும் பயன் உண்டு, சந்திப்புக்கும் பயன் உண்டு. அவர் கார்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளாமல் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறார், பச்சை விழுந்ததும் முதலில் வெளியேறுகிறார். ஆகவே அவர்கள் முன்னே வருவார்கள் என்றே வைத்துக்கொண்டு, வந்து நிற்க இடமும் பாதுகாப்பாகக் கிளம்ப நேரமும் கொடுப்பதுதான் நம் வேலை. கீழே சொல்வதெல்லாம் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இருப்பவர்கள் இடது, வலதை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் போய் நின்று பாருங்கள்

வரைபடத்தைத் திறப்பதற்கு முன் சந்திப்புக்குப் போங்கள். நடைமேம்பாலமோ பக்கத்துக் கட்டடத்தின் மாடியோ கிடைத்தால் நல்லது. நிறுத்தக்கோடும் அதற்குப் பின்னால் ஐம்பது, அறுபது மீட்டரும் தெரியும்படி வீடியோ எடுங்கள்.

மணிக்கு இத்தனை பைக் என்ற எண் மட்டும் உங்களுக்குப் போதாது. சிவப்பு பச்சையாக மாறும் அந்த நொடியில் படத்தை நிறுத்தி, மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோட்டைத் தாண்டி நிற்பவை, கோட்டுக்குப் பின்னால் கார்களுக்கு இடையே நிற்பவை, முன்னே வர வழியில்லாமல் பின்னால் மாட்டிக்கொண்டவை. மூன்றாவது எண் பெரிதாக இருந்தால் பைக் முன்னே வரும் வழிதான் பிரச்சினை. முதல் எண் பெரிதாக இருந்தால் நிற்கும் இடம்தான் பிரச்சினை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் சாலையில் பெயின்ட் அடிக்கக் கிளம்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

அப்புறம், எந்தப் பக்கமாக வருகிறார்கள் என்று பாருங்கள். இடது ஓரமா, இரண்டு தடங்களுக்கு நடுவிலா, மீடியனை ஒட்டியா? எத்தனை பேர் நேராகப் போகிறார்கள், எத்தனை பேர் வலது பக்கம் திரும்புகிறார்கள்? காலை, மாலை நெரிசலைத் தனித்தனியாக எடுங்கள். கடும் வெயில் நேரத்தில் ஒருமுறை பார்ப்பதும் நல்லது. கோட்டுக்கு வெகு முன்பே மர நிழலில் சிலர் நின்றுவிடுவார்கள், பச்சை விழுந்ததும் அங்கிருந்து வேகமாக வருவார்கள். இது காகிதக் கணக்கில் தெரியாது.

ஒரு பைக் எத்தனை காருக்குச் சமம்?

சிக்னல் கணக்கு போட எல்லா வாகனங்களையும் கார் அலகாக, அதாவது பி.சி.யு.வாக மாற்றச் சொல்வார்கள். பைக்குக்கு என்ன மதிப்பு என்று தேடினால் குழம்பிப் போவீர்கள். சிக்னல் நேரக் கணக்கை வகுத்த வெப்ஸ்டரின் 1958 ஆய்வையொட்டிய பிரிட்டிஷ் முறை சிக்னலில் ஒரு பைக்கை 0.33 என்று எடுத்தது. இந்தோனேசியாவின் 1997 கையேடு, எதிரே வரும் போக்குவரத்தின் குறுக்கீடு இல்லாத பச்சையில் 0.2 என்றும், குறுக்கீடு இருந்தால் 0.4 என்றும் சொல்கிறது. சாலை விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸின் 1990 நகர்ச்சாலை வழிகாட்டி, போக்குவரத்தில் பைக்குகளின் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்து 0.5 முதல் 0.75 வரை போகிறது. ஆனால் அது சந்திப்புகளுக்கு இடைப்பட்ட சாலைக்கான எண், சிக்னலுக்கு எடுத்துப் போடக் கூடாது.

இத்தனை வித்தியாசத்துக்கும் காரணம் உண்டு. கோட்டின் முன்னே நின்று பச்சையின் முதல் சில நொடிகளில் போய்விடும் பைக், கார்களின் நேரத்தை அதிகம் எடுப்பதில்லை. அதே பைக் கார் வரிசையின் நடுவில் மாட்டியிருந்தால் ஏறக்குறைய ஒரு காரின் இடத்தையே பிடித்துக்கொள்ளும். அந்த மதிப்பு வண்டியைவிட அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

அதனால் அலுவலகக் கோப்புக்கு உங்கள் நாட்டுக் கையேட்டின் மதிப்பைப் போடுங்கள். கூடவே இன்னொரு கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை விழுந்ததிலிருந்து முன்கூட்டத்தின் கடைசி பைக் கோட்டைக் கடக்கும்வரை எத்தனை நொடி ஆகிறது என்று வீடியோவில் அளந்துவிடுங்கள். பச்சை 40 நொடி, பைக் கூட்டம் வெளியேற 8 நொடி என்றால், கார்களுக்கு மிஞ்சுவது 32 நொடி. ஒரு தடத்தில் காருக்குச் சுமார் 2 நொடி என்று வைத்தால், தடத்துக்கு 16 கார். உங்கள் சந்திப்பில் உண்மையில் போகும் கார் இதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால், நடுவில் எங்கோ பைக்கும் காரும் சிக்கிக்கொள்கின்றன என்று அர்த்தம்.

பெயின்டுக்கு முன் நேரம்

புதியவர்கள், பைக்குகள் முன்னே நிற்கச் சாலையில் சிவப்பு நிறக் கட்டம் வரைவதில்தான் ஆர்வமாக இருப்பார்கள். நான் முதலில் சிக்னல் நேரத்தைத் தொடச் சொல்வேன். செலவில்லாதது, பலன் உடனே தெரியும், சரிவராவிட்டால் மறுநாளே மாற்றிவிடலாம்.

சிவப்பில் சேரும் கூட்டம் சிவப்பின் நீளத்தைப் பொறுத்தது. மணிக்கு 1,200 பைக் வரும் ஒரு பக்கத்தில் சிவப்பு 90 நொடி என்றால், சராசரியாக 30 பைக் சேரும். சிவப்பை 60 நொடியாகக் குறைத்தால் 20தான். கோட்டைத் தாண்டி வழிந்துகொண்டிருந்த கூட்டம் கோட்டுக்குள் அடங்க இதுவே சில இடங்களில் போதும். நெரிசல் என்றாலே சுற்று நேரத்தை, அதாவது எல்லாப் பக்கமும் ஒருமுறை பச்சை பெற்று முடியும் நேரத்தை, நீட்டுவது பலருக்கும் பழக்கம். அடுத்த சாலைக்கு மாறும்போது வீணாகும் நொடிகள் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் பைக் அதிகமுள்ள இடத்தில் நீண்ட சுற்று இன்னும் பெரிய கூட்டத்தைச் சேர்க்கும், வெயிலிலும் மழையிலும் நிற்பவரின் பொறுமையைச் சோதிக்கும், சிவப்பில் கிளம்புபவர்களையும் பெருக்கும். சிக்னலைக் கையால் இயக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. ஒரு பக்கத்தை முழுதாகக் காலி செய்துவிட வேண்டும் என்று மூன்று, நான்கு நிமிடம் விட்டால், மற்றப் பக்கங்களில் சேரும் கூட்டம் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது.

அடுத்தது மஞ்சளுக்குப் பின் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளி. உயிர் போவதும் தப்புவதும் இங்கேதான், ஆகவே இதைக் கவனமாகச் செய்யுங்கள். பொதுவாக இந்த நேரத்தை, கடைசியாக நுழைந்த வண்டி வெளியேறுவதற்கும் அடுத்த பக்கத்துக் கார் மோதும் புள்ளிக்கு வருவதற்கும் உள்ள வித்தியாசமாகக் கணக்கிடுவார்கள். பைக் காரைவிட வேகமாகக் கிளம்பும், காரைவிட முன்னாலும் நிற்கும். ஆகவே வெளியேறும் வண்டியாக மெதுவாகப் போகும் பேருந்தையும், நுழையும் வண்டியாக பைக்கையும் வையுங்கள்.

எண்களோடு பார்ப்போம். 12 மீட்டர் நீளப் பேருந்து, மோதும் புள்ளிவரை 24 மீட்டர் ஓடி முழுதாக விலக வேண்டும். மொத்தம் 36 மீட்டர். நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் சுமார் 5.1 நொடி. அடுத்த பக்கத்தில் கார் அந்தப் புள்ளிக்கு 16 மீட்டர் தள்ளி நிற்கிறது. நொடிக்கு நொடி 1.5 மீட்டர் வேகம் கூட்டினால் வந்துசேர 4.6 நொடி. பைக் 8 மீட்டர் தள்ளித்தான் நிற்கிறது. நொடிக்கு நொடி 2.5 மீட்டர் கூட்டுகிறது. அதற்கு 2.5 நொடி போதும். பேருந்து மஞ்சளின் கடைசியில் நுழைந்ததாக வைத்து, 3 நொடி மஞ்சளையும் சேர்த்தால், காரை வைத்துப் போட்ட கணக்கு சுமார் 4 நொடி இடைவெளி கேட்கும். பைக்கை வைத்துப் போட்டால் 6 நொடி. இவற்றில் 3 நொடி மஞ்சளைக் கழித்தால், எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்க வேண்டிய நேரம் முறையே 1 நொடியும் 3 நொடியும். இந்த இரண்டு நொடி வித்தியாசத்தில்தான் பேருந்தின் பக்கவாட்டில் பைக் போய் மோதுகிறது. நான் இங்கே எடுத்த வேகங்கள் உதாரணத்துக்கு. உங்கள் சந்திப்பில் அளந்து போடுங்கள்.

சிவப்பில் நொடிகளை எண்ணிக் காட்டும் பலகை இருந்தால் இன்னும் கவனம் தேவை. எண் மூன்றுக்கு வரும்போதே முன்வரிசை நகரத் தொடங்கிவிடும். கடைசிச் சில நொடிகளில் அந்த எண் அணைந்துவிடும்படி அமைப்பது நல்லது என்பது என் கருத்து. நீண்ட சிவப்பில் இன்ஜினை அணைக்க அது உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. அதற்கு முதல் பகுதி எண்ணிக்கையே போதும்.

நிற்க ஒரு கட்டம்

நேரத்தைச் சரிசெய்த பிறகும் கூட்டம் கோட்டைத் தாண்டினால், பைக் நிறுத்தக் கட்டத்துக்குப் போகலாம். கார்களின் நிறுத்தக்கோட்டைப் பின்னுக்குத் தள்ளி, அதற்கும் பாதசாரிகள் கடக்கும் கோடுகளுக்கும் நடுவே பைக்குகளுக்கு மட்டும் இடம் விடுவது. தைவானிலும் இந்தோனேசியாவிலும் இது பழகிப்போன விஷயம். ஸ்பெயினில் பார்சிலோனா போன்ற நகரங்களிலும் உண்டு.

அளவு எடுப்பது எளிது. ஒரு பைக் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் அகலம். கால் ஊன்றி நிற்கும் இடத்தையும் சேர்த்துத் தலைக்கு 2 சதுர மீட்டர் என்று எடுங்கள். 30 பைக் நிற்க 60 சதுர மீட்டர். சாலை 7 மீட்டர் அகலம் என்றால் கட்டத்தின் ஆழம் சுமார் 8.6 மீட்டர். சிவப்பைக் குறைத்து 20 பைக் ஆக்கியிருந்தால் 5.7 மீட்டர் போதும். நேரத்தை முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான். ஆழம் கூடினால் காரின் கோடு அவ்வளவு பின்னால் போகும். கடைசிக் கார் வெளியேற இன்னும் ஒரு நொடி கூடும். அந்த இடைவெளிக் கணக்கையும் திரும்பப் போட வேண்டியிருக்கும். சராசரிக்கு மட்டும் அளவு எடுக்காதீர்கள். நெரிசல் நேரத்துச் சுற்றுகளில் பெரும்பாலானவை அடங்கும் அளவுக்கு வையுங்கள்.

கட்டத்தின் முன்பக்கம் பாதசாரிக் கோடுகளை ஒட்டி முடியக் கூடாது. ஒரு மீட்டராவது விடுங்கள். பைக்கின் முன்சக்கரம் எப்போதும் கோட்டைக் கொஞ்சம் தாண்டித்தான் நிற்கும், அந்தக் கொஞ்சத்தில் சக்கர நாற்காலியில் போகிறவருக்கும் பார்வையற்றவருக்கும் வழி அடைபட்டுவிடும். பின்பக்கமும் அப்படியே. உயரமான லாரி ஓட்டுநருக்குத் தன் வண்டியின் மூக்குக்குக் கீழே நிற்கும் பைக் தெரியாது. கட்டத்துக்கும் கார், லாரிகளின் கோட்டுக்கும் நடுவே 2 மீட்டராவது காலி இடம் விட்டால் ஆபத்து நன்றாகக் குறையும்.

சிக்னல் விளக்கு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். நிறுத்தக்கோட்டுக்கு அருகில் மட்டும் விளக்கு இருந்தால், கட்டத்தில் முன்னே நிற்பவருக்கு அது தலைக்குப் பின்னால் போய்விடும். பின்னால் அடிக்கும் ஹாரனை நம்பித்தான் கிளம்ப வேண்டியிருக்கும். சந்திப்பின் எதிர்ப்பக்கத்தில் ஒரு விளக்கு கட்டாயம் வேண்டும்.

இப்போது முக்கியமான ஒரு சிக்கல். ஒரே பக்கத்தில் நேராகப் போக ஒரு பச்சை, வலது திருப்பத்துக்கு வேறு பச்சை என்று தனித்தனியாக இருந்தால், சாலை முழுக்கக் கட்டம் வரையாதீர்கள். நேராகப் போகிற பைக் வலது திருப்பத் தடத்தின் முன்னால் போய் நிற்கும். திருப்பத்துக்குப் பச்சை வந்ததும் பின்னாலுள்ள கார்கள் நகர முடியாது. ஹாரன் சத்தத்தில் நெருக்கப்பட்டு அந்த பைக் சிவப்பிலேயே கிளம்பும். ஒரே நேரத்தில் பச்சை பெறும் தடங்களுக்கு மட்டும் கட்டம் போடுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கத்துக்கு எல்லாத் திசைகளுக்கும் சேர்த்து ஒரே பச்சை கொடுங்கள். சிவப்பிலும் இடது பக்கம் திரும்ப அனுமதி இருக்கும் இடத்திலும் இதே கேள்வி வரும்.

சில இடங்களில் கட்டமே தேவையில்லை. சிவப்பில் ஒரு வரிசைகூட பைக் சேராத இடம், பெரும்பாலான வண்டிகள் பச்சையிலேயே வந்து போய்விடும் இடம், வண்டிகள் அதிவேகமாக வரும் புறநகர்ச் சாலை. இங்கெல்லாம் கோட்டைப் பின்னுக்குத் தள்ளுவதால் நஷ்டம்தான்.

கட்டத்துக்கு வந்துசேர வழி

கட்டம் போட்டும் அது பாதி காலியாகக் கிடந்தால், வழி இல்லை என்று அர்த்தம். கார்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்போது பைக் எப்படி முன்னே வரும்? கார்த் தடங்களைக் கொஞ்சம் ஒடுக்கி, ஒன்றரை மீட்டர் அளவுக்கு ஒரு வழித்தடம் எடுக்க முடியுமா என்று பாருங்கள். நீளம், நெரிசலில் கார் வரிசை எவ்வளவு தூரம் நீள்கிறதோ அதை ஒட்டி இருக்கட்டும்.

அதை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் யோசனை தேவை. இடது ஓரம் இயல்பான இடமாகத் தோன்றும். ஆனால் லாரியும் பேருந்தும் அதிகமாக இடது பக்கம் திரும்பும் சந்திப்பில் அது கொலைப்பொறி. பேருந்து திரும்பும்போது அதன் இடப்பக்கத்தில் வரும் பைக் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது, பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டி வரும். அப்படிப்பட்ட இடத்தில் இடது திருப்பத் தடத்துக்கும் நேர்த் தடத்துக்கும் நடுவே வழி கொடுங்கள். ஓரத்தில் பேருந்து நிறுத்தமோ வண்டிகள் நிறுத்துமிடமோ இருந்தால், ஓர வழியை மறந்துவிடலாம்.

வலது திருப்பம்

சந்திப்பின் நடுவே, எதிர்ப்போக்குவரத்தில் இடைவெளி கிடைக்குமா என்று காத்து நிற்கும் பைக்குகளைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவராகப் பரவி நிற்பார்கள், கடைசியில் பாதிச் சாலை அடைபட்டுவிடும். தைவானில் இதற்கு இரண்டு படிகளாகத் திரும்பும் முறை வைத்திருக்கிறார்கள். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் அது இடது திருப்பம். நம் வழக்கத்தில் சொன்னால், வடக்கே போகிறவர் கிழக்கே திரும்ப வேண்டும் என்றால், இடது ஓரமாகவே நேராகச் சந்திப்பைக் கடந்து, வடமேற்கு மூலையில், மேற்கிலிருந்து வரும் வாகனங்களின் கோட்டுக்கு முன்னால் உள்ள சிறு கட்டத்தில் கிழக்கே பார்த்து நிற்பார். மேற்குப் பக்கத்துக்குப் பச்சை விழும்போது அவர்களுக்கு முன்னால் கிளம்பிப் போய்விடுவார். எதிரே வரும் வண்டியைக் குறுக்காக வெட்டவே தேவையில்லை.

இதை வைப்பதற்கு முன் சிலவற்றைச் சரிபாருங்கள். அந்த மூலைக் கட்டம் குறுக்குச்சாலையின் இடது திருப்பத்தை அடைக்கிறதா? நேராகப் போகும் வண்டிகளின் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறதா? ஒரு சுற்றில் சேரும் திருப்ப பைக்குகள் அதில் அடங்குமா? அடங்காமல் வழிந்தால் வால்பகுதி ஓடும் போக்குவரத்தில் நிற்கும், அது பழைய நிலையைவிட மோசம். மேற்குப் பக்கச் சாலையே இல்லாத மூன்றுமுனைச் சந்திப்பில் இந்த முறை அப்படியே பொருந்தாது. பச்சைகள் வரும் வரிசையும் முக்கியம்: வடக்கு நோக்கிய பச்சைக்கு அடுத்ததாகவே கிழக்கு நோக்கிய பச்சை வந்தால் காத்திருப்பு குறைவு. சுற்றின் கடைசியில் வந்தால் யாரும் அந்தக் கட்டத்தைப் பயன்படுத்த மாட்டார்கள்.

சந்திப்பைத் தாண்டியதும்

உள்ளே அனுப்புவதில் கவனம் வைத்து வெளியேறும் பக்கத்தை மறந்துவிடுவார்கள். மூன்று தட அகலத்தில் கிளம்பிய பைக் கூட்டம், எதிரே இரண்டு தடமாகச் சுருங்கினால், பின்னால் வேகம் எடுக்கும் கார்களோடு அங்கே நெருக்குப்படும். வெளியேறும் பக்கத்தில் ஐம்பது மீட்டர் வரையாவது பேருந்து நிறுத்தம், ஆட்டோ நிறுத்தம், கடை வண்டிகள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையும் சென்சாரும்

காருக்கு ஒன்றும் செய்யாத விஷயங்கள் பைக்கைச் சாய்த்துவிடும். கட்டத்துக்கு நிறம் கொடுத்தால் சாதாரண பெயின்ட் வேண்டாம், மழையில் வழுக்கும். சொரசொரப்பான துகள் கலந்த பூச்சைக் கேளுங்கள். பிரேக் பிடிக்கும் இடத்தில் பாதாளச் சாக்கடை மூடியோ, சக்கரம் ஓடும் திசையிலேயே கம்பிகள் உள்ள மழைநீர் வடிகால் மூடியோ இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பேருந்து நின்று நின்று கோட்டருகே தார் குழிந்து மேடாகியிருக்கும், எண்ணெய் சொட்டியிருக்கும். அதையும் சரிசெய்ய வேண்டும்.

வாகனத்தை உணர்ந்து பச்சை கொடுக்கும் சிக்னல் என்றால், தரையில் புதைத்த கம்பிவளையம் பைக்கைப் பிடிக்கிறதா என்று ஒரு பைக்கைத் தனியாக நிறுத்திச் சோதித்துவிடுங்கள். காருக்கேற்பச் சரிசெய்த வளையம் சிறிய பைக்கை விட்டுவிடுவது உண்டு. இரவில் ஆளில்லாத சந்திப்பில் பச்சையே வராமல் நின்று, கடைசியில் சிவப்பில் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. கட்டம் போட்ட பிறகு வளையம் கட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதும் முக்கியம்.

முதல் சில வாரங்கள்

புதுக் கட்டத்தில் முதலில் வந்து நிற்பது கார்தான். கோடு பின்னுக்குப் போனது அவர்களுக்குத் தெரியாது. முதல் வாரங்களில் நெரிசல் நேரத்தில் ஒரு காவலரை நிறுத்தி, அபராதம் போடாமல் கையைக் காட்டிப் பின்னால் நிற்கச் சொன்னால் போதும். கட்டத்துக்குள் 'பைக் மட்டும்' என்ற அடையாளப் படத்தைச் சாலையிலேயே பெரிதாகப் போடுங்கள். ஓரத்தில் வைக்கும் பலகை பேருந்துக்குப் பின்னால் மறைந்துவிடும்.

பலன் பார்க்க, அதே இடத்திலிருந்து, அதே கிழமையில், அதே நேரத்தில் மறுபடி வீடியோ எடுங்கள். பச்சை விழும் நொடியில் பாதசாரிக் கோட்டின் மேல் நிற்கும் பைக் எத்தனை, கட்டத்துக்குள் நிற்கும் கார் எத்தனை, சிவப்பிலேயே கிளம்பியவர் எத்தனை, முதல் கார் கோட்டைக் கடக்க எத்தனை நொடி, ஒரு பச்சையில் மொத்தம் எத்தனை வண்டி போகிறது என்று பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். விபத்து எண்ணிக்கையை வைத்துச் சில மாதங்களில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஒரு சந்திப்பில் சில மாதங்களில் நடப்பவை அதற்குப் போதாத அளவு குறைவு. திடீர் பிரேக்குகளையும் மயிரிழையில் தப்பிய மோதல்களையும் எண்ணுவது அதைவிடச் சீக்கிரம் உண்மையைச் சொல்லும்.

பைக்குகள் கட்டத்தில் அடங்கி, முதல் கார் கிளம்புவதும் தாமதமாகாமல் இருந்தால் அளவு சரி. முதல் கார் தாமதமாகிக்கொண்டே இருந்தால், கட்டத்தின் ஆழத்தைக் குறைக்கும் முன் சிவப்பை இன்னும் ஐந்து நொடி குறைக்க முடியுமா என்று பாருங்கள். பிறகு அந்த வரைபடத்தையும் சிக்னல் நேர அட்டவணையையும் ஒரே கோப்பில் வைத்து, சாலைப் பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை தார் போடும்போது பழைய இடத்தில் கார்க் கோட்டைப் போட்டுவிட்டுப் போவது அவர்கள்தான்.